டாக்டர் சுல்தானாவும் வெறும் வயிறும்

மதார் சாகிப் செய்யும் டிரங்குப் பெட்டிக்குத் திருவண்ணாமலை வட்டாரத்தில் தனி மரியாதை. தேரடித் தெருவில் அவர் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தால் கோயில் யானை அந்தத் தாளத்துக்குத் தலையாட்டும். தென்பெண்ணை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன அவருடைய பெட்டி ஒன்று கடலூரில் கரை ஒதுங்கியபோது, உள்ளே இருந்த பட்டுப்புடவையின் மடிப்புகூடக் கலையவில்லை. இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கேட்டால் யானை இரண்டு என்பார்கள்.

அவருடைய மகள் சுல்தானா, சின்னப் பெண்ணாக இருந்தபோது, விற்பனைக்கு வைத்திருந்த பெட்டி ஒன்றில் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டாள். மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருட்டு இருக்கும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கல்யாணச் சீருக்குப் பெட்டி வாங்க வந்தவர்கள் அதையே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செங்கம் போய் மணப்பெண் திறந்து பார்த்தபோது உள்ளேயிருந்து சுல்தானா எழுந்து உட்கார்ந்தாள் என்று ஊரில் பேச்சு. பேகோபுரத் தெரு முனையிலேயே பிடித்துவிட்டோம் என்பது அம்மா பீபி ஜானின் கட்சி. எங்கே திறந்தால் என்ன, வெளியே வந்தவள் அழவில்லை. வீட்டில் அப்பாவை பாவா என்றும் அம்மாவை அம்மி என்றும்தான் கூப்பிடுவார்கள். "உள்ள இருட்டுதான் பாவா. ஆனா ஆணி ஓட்டையில வெளிச்சம் வருது," என்று குறை சொன்னாள். அன்றிலிருந்து மதார் சாகிப் ஆணியை நெருக்கி அடிக்க ஆரம்பித்தார்.

அப்படிப்பட்ட பெண் சென்னையில் டாக்டருக்குப் படித்து முடித்ததும், ஊசி போட்டுச் சம்பாதிக்க மாட்டேன், ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நின்றதில் அதிசயம் இல்லை. பீபி ஜானுக்குத்தான் விளங்கவில்லை.

"ஆராய்ச்சின்னா என்னாடி? கண்ணாடி வெச்சுப் பூச்சி பாக்கறதா? அது நம்ம வூட்டுப் பருப்புலயே ஜாஸ்தியா கீதே."

"அது வண்டு அம்மி. நான் பாக்கப் போறது கண்ணுக்குத் தெரியாதது."

"கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கறதுக்கா இவ்ளோ படிச்சே?"

சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன நெஞ்சுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1975-இல் ஆள் எடுத்தார்கள். தலைவி டாக்டர் கஸ்தூரி. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தால் தெர்மாமீட்டரில் பாதரசம் தானாக இறங்கும் என்று அங்கே சொல்லிக்கொண்டார்கள். சுல்தானா கேட்ட கேள்விக்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னாள். கடைசியாகக் கஸ்தூரி கேட்டார்:

"ஒரு நோயாளி இருமிக்கிட்டே உள்ள வராரு. முதல்ல என்ன செய்வே?"

"சளி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல பாப்பேன் மேடம்."

"உக்காரச் சொல்ல மாட்டியா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. "நீ பாடத்தைப் பாத்திருக்கே, ஆளைப் பாக்கலை. எங்க கிளினிக் ஒண்ணு உங்க ஊர்லயே, செங்கம் ரோட்டுல இருக்கு. அங்க கொஞ்ச வருஷம் உக்காந்துட்டு வா."

"வருவேன் மேடம்," என்றாள் சுல்தானா. வரலாமா என்று கேட்கவில்லை. வருவேன் என்றுதான் சொன்னாள்.

முதல் வருஷம் அவளுக்கு அது ஜெயில்தான். காலையில் கதவைத் திறந்தால் இருமல், மத்தியானம் மூடும் வரை இருமல். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள், லாட்ஜில் வேலை செய்பவர்கள், வளையல் கடைக்காரர்கள், ஆசிரமத்துக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்ட வெள்ளைக்காரர்கள். மௌன விரதத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் இருமலைக் கை ஜாடையிலேயே விளக்கினார். பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் ராமகிருஷ்ணனுக்கே இருமல் வந்துவிட்டது.

பிறகு, அவளுக்கே தெரியாமல், காது பழகியது. பீடி பிடிப்பதில்லை என்று சத்தியம் செய்பவரின் காதுமடலில் பீடி இருக்கும். பசி இல்லை என்று மாமியார் எதிரில் சொல்லும் மருமகளுக்கு, மாமியாரை வெளியே அனுப்பினால் பசி வரும். மாரில் வலி என்று வந்த பாட்டாளி, சட்டையைக் கழற்றியபின் முதுகைக் காட்டுவார். ஒரு கேள்விக்கு முதலில் வரும் பதில் டாக்டருக்காகச் சொல்வது என்றும், இரண்டாவதாக வருவதுதான் நோயைப் பற்றியது என்றும் சுல்தானா கண்டுகொண்டாள். ஆனாலும் சென்னையை மறக்கவில்லை. வருஷா வருஷம் கஸ்தூரிக்கு ஒரு வரி எழுதிப் போடுவாள்: இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.

1980-இல் கஸ்தூரியிடமிருந்து வேலை வந்தது. காசநோய்க்குப் புதிதாக ஒரு சிவப்பு மாத்திரை. விலை அதிகம், கிடைப்பது கம்மி. அதை வெறும் வயிற்றில் விழுங்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். பல ஊர்க் கிளினிக்குகளில் இந்தச் சோதனை நடந்தது. தை மாதத்தில் பெரிய கூட்டம் ஒன்றில் முடிவைச் சொல்ல வேண்டும். "ஒழுங்கா செஞ்சு குடு. நிலையத்துல ஒரு இடம் காலியாகுது," என்றார் கஸ்தூரி.

நோயாளியிடம் கேட்க வேண்டியதைத் தமிழில் சுல்தானாவே எழுதினாள். 'காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?' இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் வீட்டில் வெறும் வயிறு என்றால் ரம்ஜான் மாதத்து வயிறு. பொட்டுத் தண்ணீர் இறங்காத வயிறு. மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும் ஆகலாம் என்று தளர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மணிலாக்கொட்டை பயிரிடும் வேடியப்பன் இந்தச் சோதனையில் சேர்ந்தவர்களில் ஒருவர். பழைய ஊசியும் மாத்திரையும் அவரிடம் தோற்றுப் போயிருந்தன. சட்டை அவரைப் போட்டுக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு இளைத்திருந்தார். மனைவி பாஞ்சாலைதான் தினமும் முதல் பஸ்ஸில் கூட்டி வருவாள். அந்தச் சிவப்பு மாத்திரையால் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று சுல்தானா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். வேடியப்பன் காதில் வாங்கவில்லை. முதல் நாள் பார்த்துவிட்டு, ரத்தமெல்லாம் போய்விட்டது என்று நிலத்தைப் பங்கு பிரிக்க ஆளைக் கூட்டிவிட்டார். அப்புறம் பழகிப்போய், கேசரி போகுது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

சில மாதங்களில் சென்னையிலிருந்து போன் வந்தது. ராமகிருஷ்ணன் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, பெட்டிக்காரர் பொண்ணுக்கு டிரங்க் கால்."

கஸ்தூரி நேராக விஷயத்துக்கு வந்தார். டவுன் ஆட்களின் ரத்தத்தில் மருந்து சரியாக இருக்கிறது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பாதிகூட இல்லை. வேடியப்பனுக்கு எல்லாரையும்விடக் கம்மி. சளியில் கிருமியும் குறையவில்லை.

"முழுங்கற மாதிரி காட்டிட்டு வெளிய போய்த் துப்பறாங்க சுல்தானா."

"இல்ல மேடம். என் கண்ணெதிர முழுங்கறாங்க. சிறுநீர் சிவப்பாத்தான் போவுது. மாத்திரை உள்ள போகாம எப்படிப் போவும்?"

"ஒரு நாளைக்கு முழுங்கிட்டு மறுநாள் துப்பலாமில்ல? ஆடி முடியறப்ப நான் வரேன். காரணம் சொல்ல முடிஞ்சா சொல்லு. இல்லன்னா அவங்களை நீக்கிட்டு அந்த மாத்திரையை வேற ஊருக்குக் குடுத்துடுவேன். காத்திருக்கறவங்க நிறைய."

நீக்கிவிட்டால் வேடியப்பனுக்கு வேறு மருந்து இல்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே ராமகிருஷ்ணனுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து சுல்தானா போலீஸ்காரி ஆனாள். மாத்திரை டப்பா வெயிலில் இருக்கிறதோ என்று அலமாரியை இடம் மாற்றினாள். விழுங்கியபின் டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள். விழுங்கியவர்களை எழுந்திருக்க விடாமல் எதிரிலேயே உட்கார வைத்தாள்.

"நாக்கைத் தூக்குங்க வேடியப்பன்."

"ஏம்மா, போளூர் சந்தையில மாடு புடிக்கறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க. பல்லை எண்ணிட்டீங்களா, இன்னும் பாக்கி கீதா?"

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்கம்மா. நீங்க சொன்னதுலருந்து பச்சைப் பருக்கை பல்லுல படலை."

டார்ச்சில் ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி எடுத்த ரத்தத்திலும் மருந்து ஏறவில்லை. கஸ்தூரி அனுப்பிய ஆட்கள் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர் துப்பவில்லை என்று இப்போது அவளுக்கு நிச்சயம். அப்படியானால் உள்ளே போனது எங்கே போகிறது?

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு ஆடி மாதத்தோடு சேர்ந்து வந்தது. ஊரில் அம்மன் கோயிலுக்குக் கோயில் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். சுல்தானா நோன்போடுதான் கிளினிக்கில் உட்கார்ந்தாள். ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில், வரிசை ஓய்ந்தபின், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எதிரே பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குப் பாத்திரம்.

"டாக்டரம்மா, உங்க உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. அம்மனுக்கு ஊத்தின கூழு. ஒரு சொம்பு குடிங்க."

"நோன்பும்மா. பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் தொடக்கூடாது."

"தெரியுங்க. கம்பவுண்டரு சொன்னாரு. சாப்பிடக்கூடாது, அவ்ளோதானே? இது கூழுதானே. கடிக்கற வேலையே இல்ல."

சுல்தானாவுக்குச் சிரிப்பு வந்தது. "கூழும் கூடாதும்மா."

பாஞ்சாலைக்கு அது நியாயமாகப் படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களவங்க யாரும் பாக்கலைங்க. எங்க வூட்டுக்காரருக்குக்கூட நீங்க சாப்பிடக்கூடாதுன்னீங்க. அதுக்காக மனுசனைப் பட்டினியாவா கூட்டினு வர முடியும்? விடியக் காத்தால ரெண்டு சொம்பு கூழு ஊத்தித்தான் பஸ் ஏத்தறேன். சாப்பாடுன்னு ஒரு பருக்கை குடுக்கலீங்க."

தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது என்று ராமகிருஷ்ணன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். கரண்ட் போனதும் அந்த நேரம்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

"தினமுமா?" என்றாள் சுல்தானா.

"தினமும்தான். மோரு, வெங்காயம் போட்டு."

"அவரைக் கேட்டா சாப்பிடலைன்னு சத்தியம் பண்றாரே?"

"சாப்பிடலீங்களே. குடிச்சாரு."

வெளியே வேப்பமரத்தடியில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களிடம் சுல்தானா எழுந்து போனாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. என்ன குடித்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். கூழு, நீராகாரம், பால் ஊத்தின டீ என்று பதில் வந்தது. ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. இத்தனை மாதமும் ஒருத்தர்கூடப் பொய் சொல்லியிருக்கவில்லை. வெறும் வயிற்றில் போக வேண்டிய மாத்திரை, ரத்தத்தில் சரியாக ஏறாமல் தினம் தினம் கூழில் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. கேள்வி அவள் எழுதியது.

அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தோன்றியதை எல்லாம் உண்மை என்று சொல்லிவிட முடியாதே. மறுநாள் முதல் வேடியப்பனைக் கூழ் இல்லாமல் வரச் சொன்னாள். ரத்தம் எடுத்தபின் கிளினிக்கிலேயே குடித்துக்கொள்ளலாம், தூக்கில் கொண்டுவாருங்கள் என்றாள். பாஞ்சாலை முணுமுணுத்தாள், ஆனால் கொண்டுவந்தாள். அந்த ரத்தத்தை ராமகிருஷ்ணனே ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்.

ஆடி முடியும்போது கஸ்தூரி வந்து இறங்கினார். உள்ளே வந்ததும் வேடியப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரோட கடைசி ரத்தத்துல மருந்து சரியா ஏறியிருக்கு. என்ன பண்ணினே? மிரட்டினியா?"

"நீங்களே கேளுங்க மேடம். சோதனை ஆரம்பிச்ச நாள்லருந்து காலையில சாப்பிட்டாரான்னு."

கஸ்தூரி கேட்டார். இல்லவே இல்லை என்றார் வேடியப்பன்.

"என்ன குடிச்சாருன்னு கேளுங்க."

கேட்டார். "ரெண்டு சொம்பு கூழுங்க. இப்பத்தான் டாக்டரம்மா நிறுத்திட்டாங்க. வயிறு விடியக் காத்தாலயே டமாரம் அடிக்குது," என்றார் வேடியப்பன் மனத்தாங்கலோடு.

கஸ்தூரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "என் ஆளுங்க ரெண்டு தடவை இங்க வந்து விசாரிச்சாங்களே. அவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"அவங்க பசியோட இருந்ததைப் பாஞ்சாலை பாக்கலை மேடம். என்னைப் பாத்தா. கூழ் கொண்டாந்தா. கூழோட காரணமும் வந்துச்சு."

பிறகு கஸ்தூரி கணக்காகப் பேசினார். "சரி. கம்மியா வந்தவங்களை மட்டும் எடுத்துடு. நல்லா வந்தவங்களை வெச்சுக்கிட்டுத் தைக் கூட்டத்துல சொல்லிடலாம்."

சுல்தானா எதிர்பார்த்தது இதுதான். ரொம்ப சுலபமான வழி. கூட்டம், சென்னை, காலி இடம் எல்லாம் அந்த வழியில் இருந்தன.

"முடியாது மேடம்."

"என்ன முடியாது?"

"நல்லா வந்தவங்க வெறும் வயித்தோட வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? டவுன்காரங்க காபி குடிச்சிருப்பாங்க. எல்லாரையும் கேட்டது அதே கேள்விதான். கேள்வியே கோணல். அதுல வந்தது அத்தனையும் போகணும். முதல்லருந்து எடுக்கறேன்."

"தைக்குள்ள முடியாது. அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடுவாங்க. அப்புறம் உனக்காக நான் இடம் பண்ண முடியாது."

"வரட்டும். ஆனா வேடியப்பனை நீக்கக்கூடாது. அவங்க யாரையும் நீக்கக்கூடாது. தப்பு அவங்களோடது இல்ல."

வேடியப்பனுக்குப் பாதி புரிந்தது. தன்னை வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா சண்டை போடுகிறாள் என்கிற பாதி. அவர் எழுந்து நின்றுகொண்டார். கஸ்தூரி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்லருந்தே எடு," என்றார். போகும்போது பாஞ்சாலையிடம் ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி.

புதுக் கேள்வியைச் சுல்தானா மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்து, அவர்கள் வாயிலிருந்தே எடுத்தாள். 'நேத்து ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் தொண்டைக்குக் கீழ என்னென்ன எறங்குச்சு?' அதற்கு வந்த பதில்களைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெற்றிலைச் சாறு, வேப்பங்கொழுந்து, கோயில் விபூதி, தர்கா சர்க்கரை. சைக்கிளில் வந்த ஒருவர், கொட்டாவி விட்டபோது ஒரு ஈ போய்விட்டது, அது சேருமா என்று கேட்டார். சேரும் என்று சுல்தானா குறித்துக்கொண்டு, அவரை மறுநாள் வரச் சொன்னாள்.

ரத்தம் எடுத்ததும் கிளினிக் வராந்தாவில் தூக்குகள் திறக்கும். தினமும் ஆடித் திருவிழாதான். மௌன விரத வெள்ளைக்காரர்கூட வந்து வரிசையில் நின்றார். கூழ் தீர்ந்துபோன ஒரு நாள் அவர் விரதத்தை முறித்து வாய்விட்டுக் கேட்டார் என்று ராமகிருஷ்ணன் சொல்வார். என்ன பாஷையில் என்று கேட்டால், தமிழில்தான் என்பார்.

தை மாதத்தில் அந்தக் கூட்டம் அவள் இல்லாமல் நடந்தது. காலியான இடத்துக்கு வேறு ஒருவர் போனார். செய்தி வந்த அன்று பீபி ஜான் மகளுக்குப் பிடித்த பிரியாணி செய்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். மதார் சாகிப் மட்டும் ஒரு பெரிய பெட்டிக்குத் தகரம் வெட்ட ஆரம்பித்தார். யாருக்கு என்று கேட்டவர்களிடம், "சென்னைக்குப் போற பார்ட்டி," என்றார்.

முதலிலிருந்து எடுத்து முடிக்க அடுத்த வருஷமும் போதவில்லை. ஆனால் இந்தத் தடவை டவுனுக்கும் கிராமத்துக்கும் ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. வேடியப்பனின் சளியில் கிருமி மறைந்தது. அவருடைய சட்டை மறுபடி அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. மற்ற ஊர்க் கிளினிக்குகளிலும் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். அங்கங்கே அந்த ஊர்க் கூழ் இருந்தது. ஓர் ஊரில் பதநீர், இன்னோர் ஊரில் சுக்குக் காபி. எல்லாருமே சாப்பிடாமல்தான் வந்திருந்தார்கள்.

1983-இல் மறுபடி ஆள் எடுத்தார்கள். மேசையைச் சுற்றிப் புது முகங்கள். அதில் ஒருவர், இத்தனை வருஷம் ஊர்க் கிளினிக்கில் இருந்துவிட்டீர்களே, ஆராய்ச்சிக்கு வேண்டிய வயதெல்லாம் வீணாகிவிட்டதே என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். பதில் சொல்லச் சுல்தானா வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி முந்திக்கொண்டார்.

"நீங்க காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லை," என்றார் அவர் திகைத்துப்போய். எதிரே காபி டம்ளர் பாதி காலியாக இருந்தது.

கஸ்தூரி அந்த டம்ளரையே பார்த்தார்.

வேலை கிடைத்தது. வாரத்தில் பாதி நாள் நோயாளிகளைப் பார்ப்பேன், ஒத்துக்கொண்டால் வருகிறேன் என்று சுல்தானா சொன்னாள், ஒத்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மதார் சாகிப்பின் பெட்டியை மேலே ஏற்ற வேடியப்பன் தோள் கொடுத்தார். பாஞ்சாலை ஜன்னல் வழியாகத் தூக்கை நீட்டினாள்.

"சாப்பிட்டீங்களா டாக்டரம்மா?"

"சாப்பிட்டேன். குடிக்கலை. குடு."

சென்னையில் முதல் நாள் அவளுக்கென்று ஓர் அறை, புது மைக்ராஸ்கோப். அதன் மேலிருந்த உறையை அவள் கழற்றவில்லை. நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழே நோயாளிகள் வரும் கூடத்துக்குப் போனாள். இருமிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார், கையில் சீட்டு, முகத்தில் பயம். சீட்டை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல உக்காருங்க," என்றாள்.